தொட்டியில் தானியப் பயிர்: மெதுவாகக் கரையும் உரத்தை வெப்பம் பார்த்து இடும் முறை

உரப் பையில் ‘3 – 4 மாதம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதன் கீழே, பெரும்பாலோர் கண்ணில் படாத சிறிய எழுத்தில், அந்தக் கணக்கு எந்த வெப்பநிலைக்கு உரியது என்பதும் இருக்கும். ஆஸ்மோகோட் என்ற பிராண்டின் வகைகளில் அது 21 டிகிரி செல்சியஸ். நியூட்ரிகோட் பிராண்டில் 25 டிகிரி. சித்திரை, வைகாசியில் சமவெளிப் பசுமைக்குடிலுக்குள் வெயில் படும் கறுப்புத் தொட்டியின் மண் இந்த இரண்டையும் எப்போதோ தாண்டியிருக்கும். அங்கே நான்கு மாத உரம் இரண்டே மாதத்தில் தீரும். கதிர் வரும் நேரத்தில் பயிர் பசியோடு நிற்கும், பை மட்டும் இன்னும் இரண்டு மாதம் பாக்கி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆராய்ச்சிக்காகவோ, விதை பெருக்கவோ, ரகங்களைக் கலப்பினம் செய்யவோ நெல், மக்காச்சோளம், சோளம், கேழ்வரகு, கோதுமை ஆகியவற்றைத் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கான முறை இது. மொட்டைமாடி நிழல்வலைக்குள் நான்கு வாளி நெல் வைத்திருப்பவருக்கும் இதே கணக்குதான்.

ஓட்டுக்குள் நடப்பது

இந்த உரத்தின் ஒவ்வொரு குருணையும் உள்ளே சாதாரண ரசாயன உரம், வெளியே மெல்லிய பிசின் அல்லது பிளாஸ்டிக் ஓடு என்ற அமைப்புடையது. மண் ஈரம் ஆவியாக ஓட்டின் வழியே உள்ளே போய் உப்பைக் கரைக்கிறது. கரைசலாக மாறிய சத்து ஓட்டின் வழியே மெல்லக் கசிகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் இந்தக் கசிவுக்கும் பெரிய தொடர்பு இல்லை, அமில காரநிலையும் அதை அதிகம் மாற்றாது. வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கசிவு இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெரிதாகத் தவறாது. 

ஈரம் தேவைதான், ஆனால் ஓரளவு ஈரம் எட்டிய பிறகு இன்னும் தண்ணீர் ஊற்றுவதால் கசிவு வேகமாகாது. இதனால் ஒரு சிக்கல் உண்டு. பயிர் சின்னதாக இருந்தாலும், மேகமூட்டத்தில் வளராமல் நின்றாலும், தொட்டி சூடாக இருக்கும்வரை குருணை சத்தை விட்டுக்கொண்டே இருக்கும். எடுத்துக்கொள்ள வேர் இல்லையென்றால் அந்த உப்பு தொட்டியிலேயே தங்கும்.

வேப்பெண்ணெய் பூசிய யூரியாவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் 2015 முதல் மானிய யூரியா பெரும்பாலும் வேம்பு பூசியதுதான். அந்தப் பூச்சு யூரியாவை அடைத்து வைக்கும் ஓடு அல்ல. மண்ணில் அம்மோனியம், நைட்ரேட்டாக மாறுவதைச் சில வாரம் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. கீழே சொல்லும் அளவில் அதைத் தொட்டியில் கொட்டினால் பயிர் கருகிவிடும்.

எத்தனை மாத உரம் வாங்குவது

முதலில் தொட்டியின் வெப்பத்தை அளக்க வேண்டும். காற்றின் வெப்பத்தை அல்ல. நீளமான ஊசி உள்ள சமையல் தெர்மாமீட்டர் போதும். தொட்டிச் சுவரிலிருந்து 5 செ.மீ. உள்ளே, 10 செ.மீ. ஆழத்தில் குத்தி, காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் பாருங்கள். இரண்டின் சராசரியே உங்கள் கணக்குக்கான வெப்பம். காலை 25, பிற்பகல் 39 என்றால் சராசரி 32. பை 21 டிகிரிக்கு 3 – 4 மாதம் என்கிறது. 11 டிகிரி கூடுதலாக இருப்பதால் ஆயுள் பாதியாகும். 45 முதல் 60 நாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து பயிரின் நாள்காட்டி. தானியப் பயிர் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பகுதியைத் தூர் கட்டுவதிலிருந்து பூக்கும் வரை எடுத்து முடித்துவிடும். அதன் பிறகு மணி நிரம்புவதற்கு இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்ததையே பெரும்பாலும் இடம் மாற்றுகிறது. ஏடிடி 43 போன்ற 110 நாள் நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 30 நாள் முதிர்ச்சிக்கு, அதற்கு முந்தைய 35 நாள் கதிர் உருவாகிப் பூப்பதற்கு. ஆகவே விதைத்த 45-ஆம் நாள் வாக்கில் தண்டுக்குள் கதிர் தொடங்கும், 80-ஆம் நாள் பூக்கும். 22 நாள் நாற்றைத் தொட்டியில் நட்டால், நட்டதிலிருந்து பூக்கும்வரை 58 நாள். சமவெளி வெப்பத்தில் ‘3 – 4 மாத’ உரம் ஓடும் காலமும் ஏறக்குறைய அதேதான். குறுகிய கால நெல்லுக்கு நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான உரம் தேட வேண்டியதில்லை.

கூடுதல் நாள் வரும் என்று 8 – 9 மாத உரத்தை வாங்குவது பொதுவான தவறு. அது முதல் மாதத்தில் கஞ்சத்தனமாக விடும், தூர் குறையும். பயிர் பழுக்க வேண்டிய நேரத்தில் தாராளமாக விடும். பழுத்த கதிருக்குப் பக்கத்தில் புதுத் தூர் கிளம்பும், வைக்கோல் பச்சையாகவே இருக்கும், ஒரே தொட்டியில் அறுவடை இரண்டு தவணை ஆகும். 150 நாளுக்கு மேல் போகும் நீண்டகால நெல்லுக்கு மட்டும் 5 – 6 மாத வகை சரி.

மலையில் கதை வேறு. நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது. அந்த மாதிரிக் குளிரில் பையில் போட்டிருக்கும் மாதம் அப்படியே பொருந்தும், சில மாதங்களில் கூடுதலாகவும் ஓடும். 22 மணி நேரம் விளக்கெரித்து ஆண்டுக்கு 6 தலைமுறை வரை கோதுமை எடுக்கும் வேக இனவிருத்தி அறைகளில் வெப்பம் 22 டிகிரி சுற்றளவில்தான். ஆனால் அங்கே ஒரு தலைமுறையே சுமார் 2 மாதம் என்பதால் கிடைப்பதில் மிகக் குறைந்த நாள் வகையே போதும்.

எவ்வளவு இடுவது

ஏக்கருக்கு இத்தனை கிலோ என்ற பரிந்துரையைத் தொட்டிக்குச் சுருக்கிக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. அது சரிவராது. ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 20 லட்சம் கிலோ. 150 கிலோ தழைச்சத்து அதில் பரவினால் ஒரு கிலோ மண்ணுக்கு 75 மில்லிகிராம். வயலில் வேர் அதற்குக் கீழேயும் பக்கத்திலும் தேடிப் போகும். தொட்டியில் சுவர்தான் எல்லை. அதோடு தனியாக நிற்கும் தொட்டிச் செடிக்கு நாலு பக்கமும் வெளிச்சம் விழுவதால் வயல் செடியைவிடப் பருமனாகவும் வளரும். ஆகவே செடி எவ்வளவு எடுக்கும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே முறை.

10 லிட்டர் வாளியில் ஒரு நெல் செடி. 40 கிராம் நெல் எதிர்பார்க்கிறீர்கள். நெல்மணியில் தழைச்சத்து சுமார் 1.2 சதவீதம், ஆக 0.48 கிராம். வைக்கோல் 45 கிராம், 0.6 சதவீதம் வீதம் 0.27 கிராம். வேருக்கு 0.1 கிராம். மொத்தம் 0.85. இட்டதில் 60 சதவீதம் செடிக்குப் போனாலே நல்லது என்று வைத்தால் 1.4 கிராம் தழைச்சத்து இட வேண்டும். 14-14-14 உரத்தில், அதாவது தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 14 சதவீதம் உள்ளதில், அது 10 கிராம்.

இதே வழியில் மற்றவை, எல்லாம் 14 சதவீதத் தழைச்சத்து உள்ள உரத்துக்கு: 15 லிட்டர் தொட்டியில் ஒரு மக்காச்சோளத்துக்கு 25 – 28 கிராம். 10 லிட்டரில் ஒரு சோளச் செடிக்கு 15 கிராம். 5 லிட்டரில் மூன்று கோதுமைச் செடிக்கு 8 கிராம். 5 லிட்டரில் ஒரு கேழ்வரகுக்கு 5 – 6 கிராம். ஆக, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வருகிறது. வேறு விகித உரம் என்றால் 14-ஐ அதன் தழைச்சத்து எண்ணால் வகுத்துப் பெருக்குங்கள். 10 கிராம் 14-14-14 இட வேண்டிய இடத்தில் 18-6-12 என்றால் 7.8 கிராம்.

நர்சரிக்காரர்கள் லிட்டருக்கு 4 – 5 கிராம் போடுவார்களே என்று கேட்கலாம். தினமும் மேலிருந்து தண்ணீர் அடித்து, அடியில் பாதி சத்து கழுவிப்போகும் பூந்தொட்டிக்கு உரிய அளவு அது. அளந்து தண்ணீர் ஊற்றும் தானியத் தொட்டியில் அதை இட்டால் உப்புதான் சேரும். அடியில் தட்டு வைத்துக் கீழிருந்து தண்ணீர் காட்டுபவர்கள் மேலே சொன்ன அளவிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். அங்கே தண்ணீர் மேல்நோக்கி ஏறி ஆவியாகும், உப்பு மேல்மண்ணில் தங்கிவிடும்.

தொட்டியின் கொள்ளளவைக் கடைக்காரர் சொல்லும் அங்குலத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ‘12 அங்குலத் தொட்டி’ வடிவத்துக்கு வடிவம் பல லிட்டர் மாறும். அடி ஓட்டையை அடைத்து, மண் நிரப்பும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி ஒரு முறை அளந்துகொள்ளுங்கள்.

கலவை

மக்காச்சோளம், சோளம், கேழ்வரகு, கோதுமைக்கு: கழுவிய கொக்கோபீட் 3 பங்கு, மணல் அல்லது பெர்லைட் 1 பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு. 5 கிலோ கொக்கோபீட் கட்டி ஊறினால் 70 லிட்டர் வாக்கில் வரும். கழுவாத கட்டியில் சோடியமும் சாம்பல்சத்தும் உப்பாக இருக்கும். ஊற வைத்த தண்ணீரின் தேநீர் நிறம் மறையும்வரை இரண்டு மூன்று முறை பிழிந்து ஊற்றிவிடுங்கள். மக்காத பச்சைத் தென்னைநார்க் கழிவைப் பயன்படுத்தவே கூடாது. அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100-க்கு மேல். குருணை விடும் தழைச்சத்தைச் செடிக்கு முன்னால் நுண்ணுயிர்கள் பிடுங்கிக்கொள்ளும். ‘உரம் வேலை செய்யவில்லை’ என்ற புகாரில் கணிசமானவை இந்த வகைதான்.

ஓடு பூசிய உரங்களில் பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்து கிடையாது. மண் கலக்காத கலவைக்கு லிட்டருக்கு 2 கிராம் ஜிப்சம் சேருங்கள், கந்தகமும் கிடைக்கும். கலவை அமிலமாக, அமில காரநிலை (பி.ஹெச்.) 5.5-க்குக் கீழே இருந்தால் லிட்டருக்கு 2 – 3 கிராம் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள்). ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றுபவர்கள் டோலமைட் பக்கமே போக வேண்டாம், அந்தத் தண்ணீரே தொட்டியைக் காரமாக்கும். துத்தநாகம், இரும்பு போன்ற நுண்சத்து உரத்தில் உண்டா என்று பையைப் பாருங்கள். வெறும் தழை, மணி, சாம்பல் மட்டும் உள்ள வகை என்றால் தனியாக நுண்சத்துக் கலவை தேவை.

நெல்லுக்குக் களிமண் கலந்த வயல் மண்ணே சிறந்தது. கொக்கோபீட்டில் நெல் வளர்க்க நேர்ந்தால் பத்தில் ஒரு பங்கு கருக்கிய உமி சேருங்கள். நெல்லுக்கு மணற்சத்து, அதாவது சிலிக்கா, வேண்டும். மண்ணில் அது தானாகக் கிடைக்கும், கொக்கோபீட்டில் கிடைக்காது. இல்லாவிட்டால் இலை தொங்கும், குலைநோய் எளிதாகத் தொற்றும்.

இடும் முறை

1. கலவைக்குக் கிருமி நீக்கம் செய்வதாக இருந்தால், ஆவியோ ஆட்டோகிளேவோ, உரம் சேர்க்கும் முன்பே முடித்துக் குளிர விடுங்கள். உரம் போட்ட பிறகு சூடேற்றினால் ஓடு கெட்டு மொத்த உப்பும் ஒரே நாளில் இறங்கும்.

2. உரப் பையைக் கவிழ்த்துப் புரட்டிக் கலக்குங்கள். சில வகைகளில் தழைக்கு ஒரு குருணை, சாம்பலுக்கு ஒரு குருணை என்று தனித்தனியாக இருக்கும், பெரியவை மேலேயும் சிறியவை கீழேயும் பிரிந்துவிடும். அடியில் தூளாகக் கிடப்பது உடைந்த குருணை. அதைச் சலித்துத் தள்ளுங்கள்.

3. தொட்டிக்குத் தொட்டி தராசில் நிறுத்துப் போடுங்கள். மொத்தக் குவியலில் கலந்து அள்ளுவது பெரிய தொட்டிக்குப் பரவாயில்லை, சின்னதற்கு ஆகாது. 3 மி.மீ. குருணை ஒன்று சுமார் 25 மில்லிகிராம் எடை. 10 கிராமில் 400 குருணை, அங்கே பத்து கூடக் குறைய இருந்தால் தெரியாது. அரை லிட்டர்க் கப்பில் ஒரு கிராம் என்றால் 40 குருணைதான். பத்து குறைந்தால் கால்வாசி உரம் போச்சு. ஆராய்ச்சித் தொட்டிகளில் காரணம் தெரியாத ஏற்றத்தாழ்வு இங்கிருந்தும் வரலாம்.

4. அடியில் நாலில் ஒரு பங்கை வெறும் கலவையால் நிரப்புங்கள். நடுப்பகுதிக்கான கலவையை ஒரு பேசினில் கொட்டி, நிறுத்த உரத்தைத் தூவி, கையால் ஏழெட்டு முறை புரட்டித் தொட்டியில் போடுங்கள். மண்வெட்டியால் அடிப்பதும், கலவை எந்திரத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதும் குருணை ஓடுகளை உடைக்கும். மேல் 3 செ.மீ. மீண்டும் வெறும் கலவை. விதை முளைப்பது அங்கேதான், முளைக்குருத்துக்கு உப்பு ஆகாது.

5. உரம் கலந்த கலவையை அன்றோ மறுநாளோ பயன்படுத்திவிடுங்கள். ஈரக் கலவையை மூட்டை கட்டி வைத்தால் மூட்டைக்குள்ளேயே கசிவு ஓடும். இரண்டு வாரம் கழித்து அதில் விதைத்தால் முளை வெந்துபோகும்.

கடும் கோடையில், தொட்டிச் சராசரி 33-ஐத் தாண்டும் இடத்தில், முழு அளவையும் முதல் நாளே போடுவது நல்லதல்ல. மூன்றில் இரண்டு பங்கைக் கலவையில் சேர்த்து, மிச்சத்தை 30 – 35-ஆம் நாளில் விரல் நீளக் குழி மூன்று நான்கு குத்தி அதற்குள் போட்டு மூடுங்கள். மேலே சும்மா தூவினால் மேல்மண் காயும்போதெல்லாம் கசிவு நின்று நின்று வரும்.

தொட்டியைக் குளிர்விப்பதும் உர மேலாண்மைதான். கறுப்புத் தொட்டிக்கு வெளியே வெள்ளை பெயின்ட் அடிப்பது, வெயில் படும் ஓர வரிசைக்குச் சாக்குத் திரை கட்டுவது, தொட்டிகளை நெருக்கி வைப்பது ஆகியவை பிற்பகல் வெப்பத்தைப் பல டிகிரி இறக்கும். ஓர வரிசைத் தொட்டிகள் முதலில் வெளுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வெயில்தான், அங்கே உரம் முன்னதாகவே தீர்ந்திருக்கும்.

தண்ணீர் நிற்கும் நெல் வாளி

நெல்லுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய. முதலாவது, குருணை மிதக்கலாம். மேலே தூவிய வாளியில் தண்ணீர் வழிந்தால் உரமும் கூடவே போகும். சேறாக்கிய மண்ணில் 8 – 10 செ.மீ. ஆழத்தில் கலந்து, மேலே மண் மூடி, ஒரு நாள் அடங்க விட்டு நாற்று நடுங்கள்.

இரண்டாவது, நைட்ரேட். 14-14-14 வகைகளில் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியமாகவும் ஒரு பகுதி நைட்ரேட்டாகவும் இருக்கும், பையின் பின்புறம் பிரித்துப் போட்டிருப்பார்கள். தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்றில்லை. அங்கே நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரஜன் வாயுவாக்கிப் பறக்க விட்டுவிடும். அம்மோனியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே எப்போதும் தண்ணீர் கட்டி வைக்கும் வாளிக்கு ஓடு பூசிய யூரியா அடிப்படையிலான வகை கிடைத்தால் அதுவே சரி. கிடைக்காவிட்டால், நைட்ரேட் பங்கில் பெரும்பகுதி வீணாகும் என்று எடுத்துக்கொண்டு, பின்னால் அம்மோனியம் சல்பேட்டால் ஈடுகட்டத் தயாராக இருங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக மாற்றி மாற்றி விடுவது வயலில் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். தொட்டியில் தழைச்சத்தை இழக்க அதைவிட வேகமான வழி இல்லை: காயும்போது அம்மோனியம், நைட்ரேட்டாக மாறும், பாய்ச்சும்போது அது வாயுவாகும். ஒன்று எப்போதும் 2 – 5 செ.மீ. தண்ணீர் நிறுத்துங்கள், அல்லது தண்ணீர் தேக்காமல் ஈரம் மட்டும் காத்து வளருங்கள்.

மூன்றாவது, ஓட்டையில்லாத வாளியில் உப்பு வெளியேற வழி கிடையாது. அளவைக் கூட்டிவிட்டால் திருத்த முடியாது. அங்கே முதலில் கணக்கின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போட்டு, இலை நிறம் பார்த்து மேலுரம் கொடுப்பது பாதுகாப்பு. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இலை வண்ண அட்டை இதற்குக் கைகொடுக்கும். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, முழுதும் விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை, உங்கள் நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். அட்டையில் எல்லை, வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண் நிறம், மற்ற ரகங்களுக்கு 4-ஆம் எண். அதற்குக் கீழே இறங்கினால் 10 லிட்டர் வாளிக்கு 1 கிராம் அம்மோனியம் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். அது 0.2 கிராம் தழைச்சத்து.

முதல் இரண்டு வாரமும், கதிர் நேரமும்

குருணை முதல் வாரத்தில் அதிகம் விடாது. நேரடியாக விதைத்த பயிருக்கு இரண்டாம் இலை விரிந்ததும் 19-19-19 கரையும் உரம் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் வீதம் கரைத்து, வாரம் ஒரு முறை, இரண்டு தடவை ஊற்றினால் போதும். தொழுவுரம் சேர்ந்த கலவைக்கு இதுவும் தேவைப்படாமல் போகலாம்.

மக்காச்சோளம் மட்டும் பூத்த பிறகும் கணிசமாகச் சத்தெடுக்கும். ஆண் பூங்கதிர் தலை காட்டும்போது 15 லிட்டர் தொட்டிக்கு 1 கிராம் யூரியா, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நெல்லுக்கும் கோதுமைக்கும் பூத்த பிறகு எதுவும் வேண்டாம்.

தொட்டியின் உப்பை அளப்பது

ஈ.சி. மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை மின்கடத்தும் திறனால் அளக்கும் கருவி) ஒன்று கட்டாயம் வேண்டும். வாரம் ஒரு முறை, நாலைந்து தொட்டியில்: வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வடிய விடுங்கள். பிறகு தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, அடியில் 50 மி.லி. வடியும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரை மேலே மெதுவாக ஊற்றுங்கள். 5 லிட்டர் தொட்டிக்கு 150 மி.லி. வாக்கில் ஆகும். வடிந்ததை அளவிடுங்கள்.

1.0 முதல் 2.5 மில்லிசைமன்ஸ் வரை நிம்மதியான எல்லை. 0.7-க்குக் கீழே போனால் உரம் தீர்கிறது. 3-ஐத் தாண்டினால் மக்காச்சோளத்தையும் நெல்லையும் கவனியுங்கள். மண் சாற்றில் மக்காச்சோளம் 1.7-க்கு மேலும், நெல் 3.0-க்கு மேலும் விளைச்சல் இழக்கத் தொடங்கும். கோதுமை 6 வரையும் சோளம் 6.8 வரையும் தாங்கும். வடிநீர் அளவு மண் சாற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும் என்பதையும், உங்கள் கிணற்றுத் தண்ணீரே 1.2 இருந்தால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கோளாறுகள்

இலை நுனி கருகி, மேல்மண்ணில் வெள்ளைப் படலம் கட்டி, மண் ஈரமாக இருந்தும் மதியம் செடி துவண்டால் உப்பு மிகுதி. தொட்டிக் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி வடிய விடுங்கள். குருணை இன்னும் உள்ளே இருப்பதால் ஒரு கழுவலோடு முடியாது. 4 – 5 நாள் கழித்து மறுபடி அளந்து, தேவையானால் மறுபடி. தொட்டியை நிழலுக்கு மாற்றினால் கசிவே குறையும். விடுமுறையில் இரண்டு மூன்று நாள் காய்ந்து சூடேறிய தொட்டிகளில் இது திடீரென்று வரும், குருணைகளைச் சுற்றிச் சேர்ந்த உப்பு முதல் தண்ணீரில் மொத்தமாக இறங்கும்.

மக்காச்சோளத்தில் அடி இலை நுனியிலிருந்து நடுநரம்பை ஒட்டி அம்பு போல மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. அடி இலையின் ஓரம் மட்டும் காய்ந்தால் சாம்பல்சத்து. குருத்திலைகளின் அடிப்பகுதியில் வெள்ளைப் பட்டை விழுந்தால் துத்தநாகம், 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசல் தெளியுங்கள்.

குருத்து இலை நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்பு. கொக்கோபீட்டில் வளரும், தண்ணீர் தேக்காத நெல்லில் இது மிகச் சாதாரணம். உரத்தைக் கூட்டினால் தீராது, காரணம் பெரும்பாலும் தண்ணீரின் காரத்தன்மை. உடனடிக்கு 0.5 சதவீத ஃபெரஸ் சல்பேட்டும் 0.1 சதவீத சிட்ரிக் அமிலமும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வேருக்குக் கொடுக்க இரும்புக் கீலேட் (இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்மம்) வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். ஈடிடிஏ வகை அமில காரநிலை 6.5-க்கு மேல் பயனற்றுப்போகும், டிடிபிஏ 7 வரை, காரமான தொட்டிக்கு ஈடிடிஹெச்ஏ மட்டுமே.

தூரே கட்டாமல் வெளிர்ந்து நிற்கும் நெல்லுக்கு முன்னால், வாளியைக் கிளறிப் பார்த்து ‘உரம் இன்னும் அப்படியே இருக்கிறதே’ என்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரிவது ஓடு. நான்கைந்து குருணையை எடுத்து நகத்தால் நசுக்குங்கள். உள்ளே கெட்டியான வெள்ளை உப்பு இருந்தால் பாக்கி இருக்கிறது. தண்ணீர் பீச்சி ஓடு சுருங்கினால் தீர்ந்துவிட்டது. 30-ஆம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒரு முறை இருபது குருணை நசுக்கிப் பார்ப்பது, உங்கள் குடிலில் இந்தப் பை உண்மையில் எத்தனை நாள் ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடும். தேதியோடு பையின் மேலேயே எழுதி வையுங்கள்.

சத்து அளவையே சோதிக்கும் ஆய்வுக்கு இந்த உரத்தை அடிப்படையாக வைக்காதீர்கள். தொட்டிக்குத் தொட்டி வெப்பம் மாறினால் உர அளவும் மாறிவிடும். அங்கே கரைசல் உரம்தான் முறை.

அறுவடைக்குப் பிறகு

அதே கலவையில் அடுத்த பயிர் வைப்பதாக இருந்தால் நசுக்கல் சோதனையை மறுபடி செய்து, மிச்சம் இருக்கும் பங்கைப் புது அளவில் கழித்துக்கொள்ளுங்கள். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் முதலில் தீரும், மணிச்சத்து கடைசியில் மிஞ்சும்.

காலி ஓடு பிளாஸ்டிக்தான், மக்காது. ஜப்பானின் நெல் வயல்களிலிருந்து இந்த ஓடுகள் வாய்க்கால் வழியே கடலுக்குப் போவது பெரிய பிரச்சினையாகி, பிளாஸ்டிக் ஓட்டு உரத்தை 2030-க்குள் கைவிட அங்குள்ள உர அமைப்புகள் இலக்கு வைத்துள்ளன. தொட்டியில் இதைச் சமாளிப்பது எளிது. பழைய கலவையை நன்றாகக் காய வைத்து 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள், அல்லது ஒரு தொட்டித் தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். மிதந்து வரும் ஓடுகளை வடிகட்டியால் அள்ளிக் குப்பைக்கு அனுப்புங்கள். கலக்கிய தண்ணீரை வாய்க்காலில் விடாமல் மரத்தடியில் ஊற்றுங்கள்.

திறந்த பையில் மிஞ்சிய உரத்தைக் காற்றுப் புகாத டப்பாவில், பசுமைக்குடிலுக்கு வெளியே, குளிர்ந்த காய்ந்த அறையில் வையுங்கள். குடிலின் மூலையில் வாய் திறந்து கிடக்கும் பை ஈரக் காற்றிலேயே வியர்த்துவிடும். குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அந்தப் பையைத் தொட்டிக்குப் பயன்படுத்தாமல், தோட்டத்தில் மரங்களுக்குப் போட்டுவிடுங்கள்.